அக்குள் நிணநீர்க் கணு அறுவைக்குப் பிறகு கை விஷயத்தில் செய்யக் கூடாதவை

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர்க் கணுக்களை (நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளை) எடுத்துவிட்டு வீட்டுக்கு வரும் பெண்ணிடம் எல்லோரும் சொல்வது, "கையை அசைக்காதே." அன்பில் சொல்வதுதான். ஆனால் அதிகக் கெடுதல் செய்வதும் அதுதான். கையை மாரோடு அணைத்தே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். தலை சீவ முடியாது, ரவிக்கைக்குள் கை நுழையாது. கதிர்வீச்சு கொடுக்கும்போது கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்க வேண்டும், அதுவும் முடியாமல் போகும்.

விரல்களை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது எல்லாம் பொதுவாக மறுநாளே தொடங்கலாம். தோளுக்கு மேல் தூக்குவதை மட்டும் மருத்துவர் சொல்லும்வரை, பெரும்பாலும் நீர் வடியும் குழாயை எடுக்கும்வரை, தள்ளிப்போடுங்கள்.

சில வாரங்களில் சிலருக்குக் கையைத் தூக்கினால் அக்குளிலிருந்து முழங்கை வரை, சில சமயம் மணிக்கட்டு வரை, தோலுக்கடியில் வீணைத் தந்தி போல ஒன்று விடைத்து நிற்கும். நரம்பு இழுத்துக்கொண்டது என்று பயந்து கையை மடக்கியே வைப்பார்கள், இல்லையென்றால் எண்ணெய் போட்டு அழுத்தி உருவச் சொல்வார்கள். இரண்டும் வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் மெல்லிய நீட்டல் பயிற்சியிலேயே பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும்.

மேல்கையின் உட்புறம் மரத்துப்போவது சகஜம். அங்கே வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். சூடு உறைக்காது, தோல் கொப்பளித்த பிறகுதான் தெரியும்.

அப்புறம், நிணநீர் வடியாமல் தேங்கிக் கையில் வரும் வீக்கம். கணுக்களை மொத்தமாக எடுத்தவர்களில் சுமார் 5 பேரில் ஒருவருக்கு வருகிறது. ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களுக்கு மிகக் குறைவு. வருடங்கள் கழித்தும் வரலாம். வளையல் இறுகுவது, ரவிக்கைக் கை பிடிப்பது, கை கனப்பது எல்லாம் ஆரம்ப அறிகுறிகள். அந்தக் கட்டத்திலேயே காட்டினால் கட்டுப்படுத்துவது எளிது. நீர் பிரியும் மாத்திரை இதற்கு உதவாது. கையில் மாட்டும் அழுத்த உறையையும் அளவெடுக்காமல் வாங்காதீர்கள்.

ஆயுள் முழுக்க எடையே தூக்கக் கூடாது என்பதும் பழைய பயம். படிப்படியாக எடையைக் கூட்டிச் செய்த பயிற்சியால் வீக்கம் அதிகமாகவில்லை என்று 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காதீர்கள். அது கிருமித் தொற்று. அன்றைக்கே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும், இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.