இளைஞர்களின் ப்ராஸ்டேட் வலி: மெடிக்கல் ஷாப்புக்கு ஓடும் முன்

நீர்க்கடுப்பு என்றால் நம்மூரில் முதலில் "சூடு பிடிச்சிருக்கும்" என்பார்கள். இளநீர் குடித்துப் பார்ப்பார்கள். கேட்காவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் ஐந்து ஆன்டிபயாடிக் மாத்திரை. இருபது, முப்பது வயதுப் பையன்களுக்கு ப்ராஸ்டேட்டில், அதாவது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில், அழற்சி என்று சந்தேகம் வரும்போது வைத்தியம் வழிதவறுவது இங்கேதான். மாத்திரை உள்ளே போய்விட்டால் யூரின் கல்ச்சரில் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) கிருமி சிக்காமல் போகலாம். மாத்திரைக்கு முன்பே சிறுநீரைச் சோதனைக்குக் கொடுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, குழித்துறைப் பக்கம் கல்ச்சர் வசதி கிடைக்காவிட்டால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம்.

கிருமி இருந்தால் ஐந்து நாள் மருந்து போதாது. நாள்பட்ட தொற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை தேவைப்படும். வலி குறைந்ததும் நிறுத்தினால் திரும்ப வரும். ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் கிருமியே இருப்பதில்லை. விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் மூன்று மாதத்துக்கு மேல் வலி, விந்து வெளியேறும்போது எரிச்சல், கல்ச்சரோ சுத்தம். இவர்களுக்கு ஒன்று மாற்றி ஒன்றாக ஆன்டிபயாடிக் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகள் தசையை எலும்போடு இணைக்கும் நாணையே பாதிக்கக்கூடும். வலை இழுப்பவரும் ரப்பர் வெட்டுபவரும் இதை அவசியம் தெரிந்திருக்க வேண்டும். இடுப்படித் தசை இறுகியிருந்தால் அதைத் தளர்த்தும் பிசியோதெரபிதான் உதவும். யூடியூப் பார்த்து அதே தசையை இறுக்கும் கெகல் பயிற்சி செய்தால் வலி கூடலாம்.

கல்யாணம் பேசியிருக்கிறார்களே என்று உடலுறவு விவரத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள். உடலுறவால் பரவும் கொனோரியா, கிளமிடியா தொற்றுகளுக்குப் பரிசோதனை வேண்டுமா என்று அவர் முடிவுசெய்வது அதை வைத்துத்தான். சுயஇன்பத்தால் வந்த நோய் என்று பயமுறுத்திப் பணம் பிடுங்கும் லாட்ஜ் வைத்தியர்களிடம் போகவே வேண்டாம். ப்ராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகித்து எடுக்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையும் இந்த வயதில் பெரும்பாலும் தேவையில்லை; அழற்சியாலேயே அந்த எண் ஏறும், வீட்டில் புற்றுநோய்ப் பயம் கிளம்பும்.

குளிர்காய்ச்சலோடு சிறுநீர் அடைத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அந்த நேரத்தில் ப்ராஸ்டேட்டை அழுத்தித் தடவக் கூடாது. கிருமி ரத்தத்தில் கலந்துவிடும் ஆபத்து உண்டு. திடீரென்று ஒரு விரை மட்டும் தாங்க முடியாமல் வலித்தால் விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நடந்தால்தான் அதைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. நடுராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.