ஓ.டி.சி. லோடு: வண்டி கிளம்பும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

காற்றாலை இறக்கை, பாய்லர் டிரம், டிரான்ஸ்பார்மர் என்று சட்ட அளவுக்குள் அடங்காத சரக்கு எதுவானாலும் லாரிக்காரர்களுக்கு அது ஓ.டி.சி. (ஓவர் டைமென்ஷனல் கார்கோ)தான். வழியில் மாட்டிக்கொண்டால் திட்டு டிரைவருக்கு விழும். ஆனால் பெரும்பாலான தப்பு அவர் ஸ்டீயரிங்கைத் தொடுவதற்கு முன்பே, புக்கிங் ஆபீசிலோ லோடு ஏற்றும் யார்டிலோ நடந்து முடிந்திருக்கும்.

"வெயிட் கம்மிதானே, பெர்மிஷன் எதுக்கு?" என்பது அதில் முதல் ரகம். பத்து டன்தான் என்றாலும் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டினால் அனுமதி வேண்டும். உயரத்துக்கு, 2020 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண சரக்கு லாரிக்கு 4 மீட்டர்தான் எல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, சரக்கு பக்கவாட்டிலோ முன்பின்னோ அளவுக்கு மீறி நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். இறக்கிவைக்கும் செலவும் நம் தலையில்தான். நடுரோட்டுக்குக் கிரேன் வரவழைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அபராதம்தான் அதில் சின்னத் தொகை. இன்னொன்று, பிரிக்க முடியாத சரக்குக்குத்தான் இந்த அனுமதி. போல்ட்டைக் கழற்றி இரண்டு லாரியில் ஏற்ற முடிகிற சாமானுக்கு விண்ணப்பம் போட்டு நாளை வீணாக்காதீர்கள்.

நாள் கணக்கிலும் கோட்டைவிடுவார்கள். அனுமதிக்குக் காலக்கெடு உண்டு, மழைக்கும் ஊரடங்குக்கும் அது காத்திருக்காது. 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்திலிருந்து கிளம்பிய, இஸ்ரோவுக்கான சுமார் 70 டன் ஆட்டோகிளேவ் (உயரழுத்தச் சூட்டுக் கலன்), 74 சக்கர வண்டியில் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தது 2020 ஜூலையில்! அது உச்சபட்ச உதாரணம்தான். ஆனாலும் பார்ட்டியிடம் "நாலு நாள்ல வந்துடும்" என்று வாக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

உயரத்தில் நடக்கும் கூத்து தனி. டிராயிங்கில் உள்ள உயரத்தோடு டிரெய்லர் தளத்தின் உயரத்தைக் கூட்டி எழுதிவிடுவார்கள். அடியில் வைத்த மரச்சக்கை, மேலே நிற்கும் தூக்குக் கொக்கி, தார்ப்பாய் மடிப்பு எதுவும் அந்தக் கணக்கில் வராது. ஏற்றிக் கட்டி முடித்தபின், சமதளத்தில் நிறுத்தி, டேப் பிடித்து அளப்பதுதான் அளவு. பாலத்தடியில் எழுதியிருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். அதை எழுதியபின் தார் எத்தனை அடுக்கு ஏறியதோ யாருக்குத் தெரியும்? ரூட் சர்வேயை கூகுள் மேப்பில் முடித்துவிட்டு வருபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆள் நேரில் போக வேண்டும், கையில் அளவுக்கோல் இருக்க வேண்டும்.

மின்கம்பி குறுக்கே வந்தால் லோடு மேல் ஒரு பையனை ஏற்றி மூங்கிலால் தூக்கச் சொல்வது இன்றும் நடக்கிறது. ஈர மூங்கில் மின்சாரத்தைக் கடத்தும். அதிலும் மின்மயமான ரயில் பாதையின் கேட்டில் மேலே ஓடுவது 25,000 வோல்ட். தொடவே வேண்டாம், நெருங்கினாலே பாய்ந்துவிடும். மின்வாரியத்திடமும் ரயில்வேயிடமும் முன்கூட்டியே எழுதிக்கொடுத்து, சப்ளையை நிறுத்தியபின் கடப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது.

பாலத்தில் மொத்த எடையை மட்டும் பார்ப்பது அடுத்தது. எடை எத்தனை அச்சுகளில், எவ்வளவு நீளத்துக்குப் பரவுகிறது என்பதே முக்கியம். ஹைட்ராலிக் ஆக்சில் டிரெய்லரில் எட்டு டயர் கொண்ட வரிசைக்கு 18 டன்தான் கணக்கு. 385 டன் சிறப்பு வாகனத்துக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 6 விதித்தொகுப்பு சொல்வது: பாலத்தில் வேறு வண்டி இருக்கக் கூடாது, வேகம் மணிக்கு 5 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, பாதையின் நடுவிலிருந்து 300 மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. பாலம் தாங்காது என்றால் சுற்றுவழிதான். வந்தவாசிப் பக்கத்திலிருந்து 240 சக்கர வண்டியில் பெங்களூரு போன கோதண்டராமர் சிலைக்கு ஆற்றுக்குள் தற்காலிக மண் சாலையே போட வேண்டியிருந்தது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் 80 மீட்டரைத் தாண்டிய இறக்கைகள் வந்துபோகின்றன. அவற்றில் முன்பக்கம் திரும்பிவிட்டதா என்பதைவிட, வால் எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். டிரைவருக்கு அது தெரியாது. வாக்கிடாக்கியோடு பின்னால் வருபவரை, கூலி மிச்சம் என்று குறைத்துவிடாதீர்கள். லாரி இன்சூரன்ஸ் சரக்குக்கும் சேர்த்துத்தான் என்று நினைப்பவர்களும் உண்டு. இல்லை, சரக்குக்குத் தனியாக எடுக்க வேண்டும்.

கட்டுவதில் உள்ள தப்பு கண்ணுக்கே தெரியாது. பெல்ட்டில் "5 டன்" என்று லேபிள் இருந்தால், மேலே போட்டு இறுக்கினால் 5 டன் அழுத்தும் என்று நம்புகிறார்கள். அது பெல்ட் தாங்கும் இழுவிசை. சாதாரண ராட்செட்டைக் கையால் இறுக்கினால் கிடைப்பது பெரும்பாலும் 300 முதல் 500 கிலோதான், லேபிளிலேயே எஸ்.டி.எஃப். என்று அது தனியாக அச்சாகியிருக்கும். ஐரோப்பியத் தரநிலைக் கணக்கில், 20 டன் சரக்கு சடன் பிரேக்கில் 16 டன் விசையோடு முன்னால் பாயப் பார்க்கும். நாலு பெல்ட்டை மேலே போட்டு அதை நிறுத்த முடியாது. இரும்புத் தளத்தில் இரும்பை நேராக வைக்காமல் ரப்பர் மேட் விரியுங்கள். முன்னால் முட்டுக் கொடுத்து, சரக்கின் கொக்கியிலிருந்து டிரெய்லர் வளையத்துக்குச் சங்கிலியைச் சாய்வாகக் கட்டுங்கள். கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே வண்டியை ஓரங்கட்டி எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். சக்கை அமுங்கியிருக்கும், யார்டில் விறைப்பாக இருந்த சங்கிலி தொங்கிக்கொண்டிருக்கும்.