லீவில் பிள்ளை புத்தகம் எடுக்க வேண்டுமா? கணக்குக் கேட்காதீர்கள்

நான் அடித்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கோடை விடுமுறையில் ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை ஒட்டினேன். ஒரு புத்தகம் முடித்தால் ஒரு ஸ்டிக்கர், 10 சேர்ந்தால் பரிசு. மூன்றாம் நாள் என் மகன் அலமாரி முன் நின்று, ஒவ்வொரு புத்தகத்தையும் இரண்டு விரலால் பிடித்துப் பருமன் பார்த்துக்கொண்டிருந்தான். மெல்லிசானதை மட்டும் உருவினான். கடைசியில் வாஷிங் மெஷினோடு வந்த கையேட்டை நீட்டி, “அம்மா, இதுக்கு ஸ்டிக்கர் உண்டா?” என்றான். பரிசு கைக்கு வந்த அன்றோடு புத்தகத்துக்கும் முழுக்கு.

1973-இல் மார்க் லெப்பர் என்ற உளவியலாளரும் இரண்டு கூட்டாளிகளும் மழலையர் பள்ளியில் இதைத்தான் பார்த்தார்கள். படம் வரையப் பிடித்த குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு இஷ்டம்போல் விளையாட விட்டபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. கூலி பேசினால் விளையாட்டும் வேலையாகிவிடுகிறது.

ஆகவே அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். நூலகத்துக்குக் கூட்டிப்போய், அலமாரிப் பக்கம் விட்டுவிட்டு நீங்கள் தள்ளி உட்காருங்கள். காமிக்ஸோ, ஜோக் புத்தகமோ, டைனோசர் படமோ, எதை எடுத்தாலும் முகம் சுளிக்கக் கூடாது. (எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்.) கடினமாக இருக்குமோ என்று தோன்றினால் நடுவில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கட்டும். ஐந்தும் மடங்கிவிட்டால் அது கொஞ்சம் பொறுத்துப் படிக்க வேண்டிய புத்தகம். அப்படியும் அதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் கொடுத்துவிடுங்கள், ஆசை இழுத்துக்கொண்டு போகும். ஆறு எடுத்து இரண்டு படித்தால் போதும். பாதியில் வைத்தால் வைக்கட்டும், படித்ததையே நாலாம் தடவை படித்தாலும் படிக்கட்டும்.

தினம் இத்தனை மணிக்கு வாசிப்பு என்று நேரம் குறித்தால் அது டியூஷன். அதைவிட இரவு விளக்கணைக்கும் நேரத்தில், “தூங்கு, இல்லாட்டி அரை மணி நேரம் படி” என்று சொல்லிப் பாருங்கள். தூக்கத்தோடு போட்டி போடும்போது புத்தகம் பெரும்பாலும் ஜெயிக்கிறது. படித்து முடித்ததும் “கதையில என்ன நீதி?” என்று மட்டும் கேட்காதீர்கள்.

தானே படிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் வாசித்துக் காட்டுங்கள். கண் தடுமாறுகிற கதையைக் காது பிடித்துக்கொள்ளும். என் மகனுக்கு வாசிக்கும்போது, குகைக்குள் யாரோ இருமுகிற இடம் வந்ததும் நிறுத்துவேன். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “அடுப்பைப் பார்த்துட்டு வரேன்டா” என்று எழுந்து போவேன். திரும்பி வந்தால் வைத்த இடத்தில் புத்தகம் இருக்காது. கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு பாதம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்.