முதல் ரோடு பைக்: அளவே முதலில்

குறைந்த செலவில் முதல் ரோடு பைக்கை, அதாவது தார்ச்சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான சைக்கிளை, வாங்குபவர்கள் கியர்களின் எண்ணிக்கையைவிட ஃபிரேமின் அளவையே முதலில் பார்க்க வேண்டும். கியரையும் டயரையும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம், உடலுக்குப் பொருந்தாத ஃபிரேமை ஒன்றும் செய்ய முடியாது. பிரேக் பிடிகளின் மேல் கைவைக்கும்போது முழங்கைகள் விறைக்காமல் சற்றே மடங்கியிருக்க வேண்டும். தொடக்கத்தில் அலுமினிய ஃபிரேமும் ஷிமானோ கிளாரிஸ் போன்ற 8 வேக கியர் தொகுதியும் தாராளமாகப் போதும். 28 மி.மீ. அகல டயருக்கு இடமிருப்பது நல்லது.

பழைய வண்டியானால், ஃபிரேமின் குழாய்கள் இணையும் இடங்களில் பெயிண்ட் மயிரிழையாக வெடித்திருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் தடவிப் பார்த்த பிறகு, சங்கிலியையும் அளந்துவிடுங்கள். புதுச் சங்கிலியில் 24 கண்ணிகளின் நீளம் சரியாக 12 அங்குலம். தேய்மானத்தால் அது 1/16 அங்குலம் கூடியிருந்தால் சங்கிலியை மாற்ற வேண்டியிருக்கும், 1/8 அங்குலம் கூடியிருந்தால் பின்சக்கரப் பற்சக்கரங்களும் பெரும்பாலும் தேய்ந்திருக்கும் என்பதால் அந்தச் செலவையும் விலையில் குறைத்துக் கேளுங்கள்.