முதல் காம்பவுண்ட் வில் வாங்கப் போறீங்களா? ஸ்பீடை அப்புறம் பாக்கலாம், மொதல்ல கையை விரிச்சு அளங்க

வேட்டைக்குன்னு மொத தடவை காம்பவுண்ட் வில் (ரெண்டு முனையிலயும் உருளை வச்ச வில்) வாங்கப் போறவங்க வாயில வர்ற மொத கேள்வி, "இதுல எதுங்க ரொம்ப ஸ்பீடு?" நானும் அதைத்தான் கேட்டேன், கடைக்காரரும் முகமெல்லாம் சிரிப்பா ஒண்ணை எடுத்து நீட்டினாரு, டிரா லெங்த் (நாணை இழுக்கிற நீளம்) 29 இஞ்ச், வெயிட் (இழுக்கிற பாரம்) 70 பவுண்ட், நானும் மூச்சைப் பிடிச்சு பல்லைக் கடிச்சு ஒரு தடவை இழுத்துக் காட்டிட்டு பெரிய வீரனாட்டம் வாங்கிட்டு வந்துட்டேன். எனக்குச் சரியான அளவு இருபத்தேழரை இஞ்ச்னு அப்போ எனக்கும் தெரியல, வித்தவரும் அளந்து பாக்கல. ஒரே வாரத்துல இடது முன்கை உள்பக்கம் முழுக்கக் கன்னிப்போய் நீலமாயிடுச்சு, ஒவ்வொரு அம்புக்கும் நாண் அதே இடத்துல வந்து சப்புன்னு அறையும், அறைக்குப் பயந்து கை தானா விலகும், அம்பு எங்கயோ போகும். அந்த வில்லை வித்துட்டு வேற வாங்கினதுக்கு அப்புறம்தான் வில்லு விடவே கத்துக்கிட்டேன்னு சொல்லணும். நீங்க அந்த ரவுண்டு சுத்த வேண்டாம், எந்த வரிசையில பாத்து வாங்கணும்னு சொல்றேன்.

வரிசைக்கு முன்னாடி ஒரு வார்த்தை. வில்லு வேட்டை சில நாட்டுல முழுசா தடை, அனுமதி இருக்கிற இடத்துலயும் லைசென்ஸ், சீசன், குறைந்தபட்ச டிரா வெயிட் இத்தனை பவுண்டாவது இருக்கணும்னு எல்லாம் ரூல் இருக்கும். நீங்க வேட்டையாடப் போற இடத்துச் சட்டத்தைப் படிச்சுட்டு அப்புறம் கடைக்குப் போங்க.

ஸ்டெப் 1: எந்தக் கண்ணு?

ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி, விரல்களைச் சேத்து நடுவுல சின்ன ஓட்டை மாதிரி வச்சுக்கிட்டு, தூரத்துல இருக்கிற ஒரு பொருளை அந்த ஓட்டை வழியா ரெண்டு கண்ணும் திறந்தபடி பாருங்க. இப்போ ஒரு கண்ணை மூடுங்க, அடுத்து இன்னொண்ணு. எந்தக் கண்ணு திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள்ளயே நிக்குதோ அதுதான் உங்க மெயின் கண்ணு. வலது கண்ணுன்னா வலது கையால நாண் இழுக்கிற வில், அதுக்குப் பேரு ரைட் ஹேண்ட் வில். எழுதுறது ஒரு கை, கண்ணு இன்னொரு பக்கம்னு இருக்கிறவங்க புதுசா ஆரம்பிக்கிறதா இருந்தா கண்ணு பக்கமே போயிடுங்க, ஒரு மாசம் விகாரமா இருக்கும், அப்புறம் பழகிடும்.

ஸ்டெப் 2: டிரா லெங்த் (இங்க அவசரப்படாதீங்க)

பழைய மரவில்லை எவ்வளவு வேணா இழுக்கலாம், கை போன வரைக்கும். காம்பவுண்ட் அப்படி இல்ல. ரெண்டு முனையிலயும் இருக்கிற கேம்னு சொல்ற உருளைங்க ஒரு அளவு வரைக்கும் சுத்தி நின்னுடும், அதுக்கு மேல சுவத்துல முட்டின மாதிரி ஒரு இஞ்ச் கூட வராது. அதனால வில்லுக்குள்ளயே உங்க உடம்பு அளவு செட் பண்ணியிருக்கணும், செருப்பு சைஸ் மாதிரிதான், ஒரு சைஸ் பெருசா போட்டுக்கிட்டு ஓட முடியுமா?

அளக்கிறது சுலபம். சுவத்துல முதுகை ஒட்டி நில்லுங்க, ரெண்டு கையையும் பக்கவாட்டுல விரிங்க, நெஞ்சை நிமித்தாம, விரலை எக்கி நீட்டாம, சும்மா இயல்பா. ஒரு நடுவிரல் நுனியிலேருந்து இன்னொரு நடுவிரல் நுனி வரைக்கும் இஞ்ச்ல அளந்து இரண்டரையால வகுங்க. 70 இஞ்ச் வந்தா 28. எனக்கு 69 வந்துச்சு, வகுத்தா 27.6. அதுக்குத்தான் 29 கொடுத்தாங்க மகராசனுங்க.

இது தோராயக் கணக்குதான், கடைசி முடிவு வில்லை இழுத்துப் பாத்துத்தான். முழுசா இழுத்து நிக்கும்போது தலையை முன்னயோ பின்னயோ சாய்க்காம நேரா வச்சிருந்தா மூக்கு நுனி நாணைத் தொடணும், நாண் வாயோரத்துக்குப் பக்கத்துல வரணும். கூட இருக்கிறவர் யாரையாவது பக்கவாட்டுல ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க, நமக்கு நாமே தெரியாது. உடம்பு பின்னாடி சாய்ஞ்சிருந்தாலோ, வில் பிடிச்ச கை முழங்கை விறைச்சு பூட்டிக்கிட்டு இருந்தாலோ, நாண் கன்னத்தைத் தாண்டி காதுப் பக்கம் போனாலோ அளவு பெருசு. ரெண்டு அளவுக்கு நடுவுல மாட்டிக்கிட்டா சின்னதையே எடுங்க. அரை இஞ்ச் சின்னதா இருந்தா கொஞ்சம் ஸ்பீடு போகும் அவ்வளவுதான், அரை இஞ்ச் பெருசா இருந்தா குறியே போகும்.

வில்லு கேம்ல டிரா லெங்த் மாத்துறதுக்கு வழி இருக்கான்னு கேட்டுக்கோங்க. சிலதுல மாட்யூல்னு ஒரு சின்ன துண்டை ஸ்க்ரூ கழட்டி நகத்தினா போதும், சிலதுக்கு வேற மாட்யூல் தனியா வாங்கணும், சிலதுக்கு கேமையே மாத்தணும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு பேர் (Bear) கம்பெனியோட க்ரூசர் ஜி2 மாதிரி வில்லுங்க இருக்கு, 12 இஞ்ச்லேருந்து 30 வரைக்கும், 5 பவுண்ட்லேருந்து 70 வரைக்கும் மாத்திக்கலாம். ரொம்ப வேகமான வில் கிடையாதுதான், ஆனா உங்க அளவே உங்களுக்கு இன்னும் பிடிபடாதப்போ இந்த வசதி பெரிய விஷயம்.

ஸ்டெப் 3: எத்தனை பவுண்ட்?

இங்கதான் ஆம்பளத்தனம் எல்லாம் வந்து குறுக்க நிக்கும். கடையில நின்னுக்கிட்டு, உடம்பு சூடா இருக்கும்போது, ஒரே ஒரு தடவை இழுக்கிறது டெஸ்ட்டே கிடையாது. காட்டுல விடிகாலை குளிர்ல மூணு மணி நேரம் அசையாம உக்காந்து கை மரத்துப்போய் இருக்கும்போது, மான் இருபது கஜத்துல நின்னு இந்தப் பக்கம் தலையைத் திருப்புறதுக்குள்ள, சத்தமில்லாம ஆடாம இழுக்கணும். எனக்கு அந்த 70 பவுண்டோட மொத சீசன்ல இதுதான் நடந்துச்சு, பாதி வரைக்கும் வந்த நாண் அதுக்கு மேல வரவே மாட்டேங்குது, வில்லை மேல தூக்கி உதறி இழுக்கப் பாத்தேன், மான் என்னை ஒரு பார்வை பாத்துட்டு போயே போச்சு.

டெஸ்ட் இப்படிப் பண்ணுங்க: நாற்காலியில உக்காருங்க, ரெண்டு காலையும் தரையிலேருந்து தூக்குங்க, வில்லை டார்கெட்டுக்கு நேரா பிடிச்சபடியே மெதுவா இழுங்க. வானத்தைப் பாத்து வில்லைத் தூக்காம முழுசா வந்துச்சா, அரை நிமிஷமாவது பிடிச்சு நிக்க முடிஞ்சுதா, பிடிச்சுட்டு விடாம மெதுவா திரும்பக் கொண்டுபோக முடிஞ்சுதா, மூணுக்கும் ஆமான்னா அந்த வெயிட் உங்களுக்குச் சரி. நிறைய பேருக்கு இது 45லேருந்து 60 பவுண்டுக்குள்ள எங்கயோ நிக்கும். ஒழுங்கான அம்பு, சவரம் பண்ற அளவுக்குக் கூர்மையான பிராட்ஹெட் (வேட்டைக்கு மாட்டுற பிளேடு முனை) இருந்தா கிட்ட தூரத்துல மானுக்கு 45 பவுண்டே போதும்.

60 பவுண்ட் வில்னா லிம்ப் போல்ட்டை (வில்லோட வளையற பட்டைங்கதான் லிம்ப், அதைப் பிடிச்சிருக்கிற போல்ட்) தளத்தி 50 கிட்ட வரைக்கும் இறக்கிக்கலாம், பழகப் பழக ஏத்திக்கலாம், அதனால உங்க இன்னைக்கு வெயிட் அந்த ரேஞ்சோட கீழ்ப்பக்கத்துல விழுற மாதிரி எடுங்க. மேலயும் கீழயும் ஒரே அளவு திருகணும், கம்பெனி சொன்ன சுத்துக்கு மேல போகவே கூடாது, போல்ட்டு கழண்டுச்சுன்னா வில்லு கையிலேயே வெடிக்கும்.

ஸ்டெப் 4: இழுத்துப் பாத்து கேம் எப்படின்னு தெரிஞ்சுக்கோங்க

1966ல அமெரிக்காவுல மிசூரி மாநிலத்துக்காரர் ஹோலஸ் வில்பர் ஆலன் இந்த காம்பவுண்ட் வில்லுக்கு பேடன்ட் கேட்டாரு, 1969ல கிடைச்சுது. அவர் பண்ணின மேஜிக் என்னன்னா, மையம் தள்ளி வச்ச உருளை, சுத்தச் சுத்த பாரம் குறையும். அதைத்தான் லெட்-ஆஃப்னு சொல்றாங்க. 60 பவுண்ட் வில்லுல 80 சதவீதம் லெட்-ஆஃப்னா முழுசா இழுத்ததுக்கு அப்புறம் கையில நிக்கிறது 12 பவுண்ட் மட்டும்தான், மான் மரத்துக்குப் பின்னாலேருந்து வெளிய வர்ற வரைக்கும் பிடிச்சு நிக்கலாம். வேட்டைக்கு 75லேருந்து 85 வரைக்கும் தாராளம்.

ஒரே 60 பவுண்ட்னாலும் ரெண்டு வில்லு ஒரே மாதிரி இழுக்காது. ஸ்பீடுக்காகச் செஞ்ச கேம் ஆரம்பத்துலயே டப்புன்னு முழு பாரத்துக்குப் போய், கடைசில பள்ளத்துல விழுற மாதிரி இறங்கும், கொஞ்சம் அசந்தா கையை முன்னாடி பிடுங்கிட்டுப் போகும். சாதுவான கேம் படிப்படியா ஏறி படிப்படியா இறங்கும். இதைப் படிச்சு தெரிஞ்சுக்க முடியாது, குறைஞ்சது மூணு வில்லாவது இழுத்துப் பாருங்க. இழுக்கும்போது அம்பு மாட்டியே இழுங்க, டார்கெட்டைப் பாத்து. அம்பு இல்லாம நாணை விட்டுட்டா (இதுக்குப் பேரு டிரை ஃபயர்) அந்த சக்தி முழுக்க லிம்ப்லயும் கேம்லயும் போய் அடிக்கும், ஒரே தடவையில வில்லு காலி, சிதறினா உங்க முகமும். கடையில தொங்குற வில்லை சும்மா எடுத்து இழுத்துப் பாக்கிற பழக்கமே வேண்டாம்.

ஸ்டெப் 5: நீளமும் பிரேஸ் ஹைட்டும்

ஆக்ஸில் டு ஆக்ஸில்னு போட்டிருக்கிறது மேல் கேமுக்கும் கீழ் கேமுக்கும் நடுவுல உள்ள தூரம். மரத்து மேல பலகை கட்டி உக்காருறவங்க, சின்ன கூடாரத்துக்குள்ள ஒளியிறவங்களுக்கு 28லேருந்து 31 இஞ்ச் வசதி, கிளையில இடிக்காது. உயரமானவங்களும், நடந்து போய் தூரத்துல அடிக்கிறவங்களும் 32, 33 பாருங்க, கையில ஆடாம நிக்கும், நாணும் முகத்துக்கிட்ட ரொம்ப கூர்மையா மடங்காது. பிரேஸ் ஹைட் என்பது இழுக்காம இருக்கும்போது கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையில உள்ள இடைவெளி. 6 இஞ்ச்க்குக் கீழ போனா ஸ்பீடு ஏறும், ஆனா அம்பு நாண்ல ஒட்டியிருக்கிற நேரமும் கூடும், அதுக்குள்ள நீங்க கையை அசைச்சா அந்தத் தப்பு அம்புக்குப் போயிடும். புதுசுன்னா ஆறரை, ஏழு.

ஸ்டெப் 6: இப்போ ஸ்பீடு

வில்லுல ஒட்டியிருக்கிற 340ன்ற நம்பர் (செகண்டுக்கு எத்தனை அடின்னு அர்த்தம்) 70 பவுண்ட், 30 இஞ்ச், 350 கிரெயின்னு (அம்பு எடையைச் சொல்ற சின்ன அளவு) லேசான அம்பு வச்சு எடுத்தது. நீங்க 28 இஞ்ச், 55 பவுண்ட், 420 கிரெயின். ஒரு இஞ்ச் குறைஞ்சா சுமார் 10 அடி வேகம் குறையும், ஒரு பவுண்டுக்கு 2 அடி, மூணு கிரெயின் கூடினா ஒரு அடி, கூட்டிக் கழிச்சா 265 கிட்டதான் உங்க கையில வரும்.

வரட்டுமே! 30 கஜம்னா 90 அடி. 270 அடி வேகத்துல அம்பு போய்ச்சேர 0.33 செகண்ட், 300 வேகத்துல 0.30. ஆனா வில்லோட சத்தம் 0.08 செகண்ட்லயே மான் காதுக்குப் போயிடுது. ரெண்டு வில்லுலயும் மானுக்குக் குனிஞ்சு பாய கால் செகண்ட் கிட்ட கிடைக்குது, நீங்க எக்ஸ்ட்ரா காசு கொடுத்து வாங்கின ஸ்பீடு அதுல 0.03 செகண்டைத்தான் குறைக்குது. அதனால சத்தம் கம்மியான வில்லா பாருங்க. கடையில நண்பரை விடச் சொல்லிட்டு, டார்கெட் பக்கம் இல்லீங்க, அவருக்குப் பின்னாடி பத்தடி தள்ளி நின்னு கண்ணை மூடிக் கேளுங்க. ட்டங்குன்னு வருதா, தொப்புன்னு வருதா?

ஸ்டெப் 7: மத்த சாமான்

வெறும் வில்லை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, காசுல ஒரு பங்கை இதுக்கு ஒதுக்கி வைங்க. அம்பு உக்காருற ரெஸ்ட், குறி பாக்கிற சைட், நாண் நடுவுல வச்சு அது வழியா பாக்கிற ஓட்டை பீப், நாணைப் பிடிச்சு விடுற கொக்கி ரிலீஸ். ரெஸ்ட்ல அம்பைச் சுத்தி முடி மாதிரி பிடிச்சுக்கிற விஸ்கர் பிஸ்கட் போதும், அம்பு கீழ விழாது. சைட் மூணு பின் (குறி பாக்கிற புள்ளி) வச்சது. ரிலீஸ் மணிக்கட்டுல கட்டுற வகை, காட்டுல தொலையாது. எல்லாம் மாட்டி வர்ற பேக்கேஜ் வில்லும் நல்லதுதான், அதுல வர்ற சைட்டைப் பின்னாடி மாத்த வேண்டி வரும்னு தெரிஞ்சே வாங்குங்க.

அம்புல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். விறைப்பு நம்பர்ல 500ஐ விட 400 விறைப்பு, 400ஐ விட 340 விறைப்பு, நம்பர் தலைகீழா ஓடும். உங்க பவுண்டுக்கும் அம்பு நீளத்துக்கும் ஏத்தது எதுன்னு அம்பு கம்பெனி சார்ட்ல இருக்கும். ஒரு பவுண்டுக்கு 5 கிரெயினுக்குக் குறைஞ்ச அம்பை விடவே கூடாது, வில்லுக்கு அது பாதி டிரை ஃபயர் மாதிரி. வேட்டைக்கு 400லேருந்து 450 கிரெயின் வச்சுக்கோங்க. பிராட்ஹெட் மாட்டினதும் அதை வச்சும் பழகணும், பிராக்டிஸ் முனை போற இடத்துக்கே பிராட்ஹெட்டும் போகும்னு நம்பாதீங்க.

ஸ்டெப் 8: வாங்கிட்டு வந்த மொத வாரம்

ஒரு வெள்ளை மார்க்கர் பேனா எடுங்க. லிம்ப் போல்ட் எங்க நிக்குதோ அங்க ஒரு கோடு, கேமும் நாணும் சேருற இடத்துல ஒரு கோடு, சைட் ஸ்க்ரூ பக்கத்துல ஒரு கோடு. புது நாண் மொத நூறு, இருநூறு அம்புக்குள்ள கொஞ்சம் நீளும், பீப் லேசா திரும்பும், நேத்து நடுவுல போன அம்பு இன்னைக்கு ஒரு கை கீழ போகும், உங்களுக்கு வில்லே விடத் தெரியலையோன்னு சந்தேகம் வந்துடும். அப்போ சைட்டைத் திருகாதீங்க, அந்தக் கோட்டைப் பாருங்க. நகர்ந்திருந்தா நாணை அவுக்கிற வேலையை நீங்க எடுக்காதீங்க, அதுக்கு வில்லை அழுத்திப் பிடிக்கிற பிரஸ் மெஷின் வேணும், அப்படியே கடைக்கு எடுத்துட்டுப் போங்க.