பிள்ளைகளை வைத்துக்கொண்டு மருத்துவத் துறைப் படிப்பு: எங்கே தொடங்குவது?

சின்னவள் பால்வாடிக்குப் போக ஆரம்பித்த வருடம், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போர்டு பார்த்து ஒரு வருட ‘நர்சிங் டிப்ளமோ’வில் சேர்ந்தேன். முடித்துவிட்டு வேலை கேட்டுப் போன முதல் மருத்துவமனையில், “கவுன்சில் பதிவு எண் சொல்லுங்க” என்றார்கள். நர்ஸாக வேலை பார்க்க மாநில செவிலியர் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டுமாம், நான் படித்த படிப்புக்கு அது கிடைக்காது. அப்படி ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பணம் போனது, ஒரு வருடமும் போனது. தமிழ்நாட்டில் இருக்கும் அம்மா அப்பாக்கள் அதே பள்ளத்தில் விழாமல் இருக்க, நான் இரண்டாவது முறை செய்த வரிசையைச் சொல்கிறேன்.

1. முதலில் உங்கள் வாரத்தை எழுதுங்கள்

படிப்பின் பெயரை அப்புறம் பார்க்கலாம். பழைய மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, காலை 5 முதல் இரவு 10 வரை கோடு போடுங்கள். என் தாளில் 8.15 பள்ளி வேன், 4.10 பிள்ளைகள் வீடு திரும்புவது, 7 மணிக்கு மேல் மாமியாருக்கு முழங்கால் வலி. வீட்டில் இன்னொரு பெரியவர் நிச்சயமாக இருக்கும் நேரங்களை மட்டும் வட்டமிட்டேன். “பார்த்துக்கலாம், நீ போ” என்று வாயால் சொன்னவர்கள் கணக்கில் சேரமாட்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நர்சிங்கில் வகுப்பு வருகை 80 சதவீதம் இருக்க வேண்டும். சான்றிதழ் வாங்கும் முன் செய்முறைப் பயிற்சி 100 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விட்ட நாளையும் பிறகு வார்டில் நின்றுதான் ஈடுகட்ட வேண்டும்.

2. வேலையின் நேரத்தைப் பாருங்கள்

நர்ஸ் என்றால் ஷிப்ட், இரவுப் பணியும் வரும். லேப் டெக்னீஷியன் வேலை பகல் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க ஆட்கள் விடிந்ததுமே வந்துவிடுவார்கள். நமக்கு அதுதான் டிபன் பாக்ஸ் கட்டும் நேரம்! மருந்துக் கடையில் கூட்டம் கூடுவது மாலையில், டாக்டர்கள் கிளினிக் திறந்த பிறகு. உங்கள் தாளில் இருக்கும் வட்டங்களோடு எது பொருந்துகிறது என்று பாருங்கள்.

3. பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை எடுங்கள்

ஏஎன்எம் (துணைச் செவிலியர், பேறுகாலப் பராமரிப்புப் படிப்பு) 2 வருடம், பெண்களுக்கு மட்டும். கலைப் பிரிவு படித்தவர்களும் சேரலாம். ஜிஎன்எம் (பொதுச் செவிலியர், பேறுகாலப் பராமரிப்பு டிப்ளமோ) 3 வருடம், பிளஸ் டூவில் 40 சதவீதம் வேண்டும். இரண்டுக்கும் வயது வரம்பு 35. பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம், அறிவியல் பாடங்கள் கட்டாயம். டி.பார்ம். (மருந்தாளுநர் டிப்ளமோ) 2 வருடம், பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணிதம் படித்திருக்க வேண்டும். அரசு இடங்களுக்குக் கூடுதல் நிபந்தனை இருக்கலாம், அந்த வருடத் தகவல் குறிப்பேட்டை ஒருமுறை முழுசாகப் படியுங்கள்.

சில மாதங்களில் முடியும் ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’ பயிற்சியும் உண்டு. நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, துடைத்துவிடுவது, ஊட்டுவது, நடக்க வைப்பது போன்ற வேலைகள். நல்ல வேலைதான், ஆனால் அதை முடித்தவர் நர்ஸ் ஆகிவிட முடியாது. இந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்று தெரியாதவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். படுக்கைப்புண்ணைப் பார்த்து முகம் சுளிக்காமல் நிற்க முடிகிறதா என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

4. பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி

“முடித்தால் எந்தக் கவுன்சிலில், என்ன பெயரில் பதிவாகும்?” நர்சிங் என்றால் தமிழ்நாடு செவிலியர் கவுன்சில், மருந்தாளுநர் என்றால் மாநில பார்மசி கவுன்சில். பதில் வழவழவென்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். தெளிவாகச் சொன்னாலும் இந்திய நர்சிங் கவுன்சில் அல்லது இந்திய பார்மசி கவுன்சில் இணையதளத்தில் கல்லூரியின் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். பட்டப் படிப்பென்றால் கல்லூரி எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டிலிருந்தே படித்து நர்ஸ் ஆகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

5. நேரில் போங்கள்

சில நர்சிங் கல்லூரிகளில் விடுதியில் தங்குவது கட்டாயம். கைப்பிள்ளை இருப்பவர்களுக்குக் கதை அங்கேயே முடிந்துவிடும், ஆகவே விண்ணப்பம் வாங்கும் முன்பே கேளுங்கள். பயிற்சி எந்த மருத்துவமனையில், அங்கே போக எத்தனை பஸ் மாற வேண்டும், சீருடைக்குத் தனிப் பணமா என்றும் கேளுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டினால் போதும், கொடுத்துவிட்டு வராதீர்கள்.

எனக்கு அப்போது வயது 36, ஜிஎன்எம் கதவு மூடிவிட்டது. பிளஸ் டூவில் உயிரியல் இருந்ததால் டி.பார்ம். சேர்ந்தேன். படிப்போடு 500 மணி நேரப் பயிற்சியும் உண்டு. ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் காலை 9 முதல் 2 வரை, தினம் 5 மணி நேரம், 100 நாளில் முடித்தேன். 4.10க்குப் பிள்ளைகள் வரும்போது வாசலில் இருந்தேன்.