கச்சேரி சாமானுக்குப் பழைய வண்டி: எங்கே ஏமாறுகிறார்கள்?

மெல்லிசைக் குழு நடத்துபவர்கள் வண்டி வாடகை கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், ‘சொந்தமாகவே ஒன்று வாங்கிவிடலாம்’ என்று கிளம்புவது வழக்கம். கையில் இருக்கும் பணத்தைப் புரோக்கரிடம் சொல்வார்கள். அவர் தன்னிடம் நிற்பதைக் காட்டுவார். பாதித் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. வண்டி பார்க்கப் போவதற்கு முன் சாமான் எல்லாவற்றையும் தரையில் இறக்கி வைத்து, டேப் பிடித்து அளந்து, எடை போட வேண்டும். அதைச் செய்கிற குழு குறைவு.

அளக்கும்போது மிக நீளமானது எது, மிகக் கனமானது எது என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 88 கீ உள்ள கீபோர்டு அதன் பெட்டியோடு சேர்த்து ஏறத்தாழ ஐந்தடி வரும், அதாவது 1500 மில்லிமீட்டர் அளவுக்கு. மாருதி ஈக்கோ வேனின் வெளி அகலமே 1475 மில்லிமீட்டர்தான். குறுக்கே படுக்காது, நீளவாட்டில்தான் போக வேண்டும். அப்படியானால் பின்சீட்டில் உட்கார வேண்டிய ஆட்கள் எங்கே? இந்தக் கேள்வி வண்டி வாங்கிய பிறகு, முதல் கச்சேரிக்குக் கிளம்பும்போதுதான் வருகிறது. மைலேஜுக்கு ஆசைப்பட்டு கேஸில் (சி.என்.ஜி.) ஓடும் வண்டி எடுத்தவர்கள் பாடு இன்னும் மோசம். பின்கதவைத் திறந்தால் பெரும்பாலும் சிலிண்டர்தான் இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். கேஸ் பிற்பாடு பொருத்தியது என்றால் ஆர்.சி.யில் ஏற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எடையும் அப்படித்தான். 18 இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு உள்ள பேஸ் பாக்ஸ் ஒன்றே பெரும்பாலும் 80 கிலோவைத் தாண்டும். இரண்டு பேஸ், மேல் பாக்ஸ்கள், ஆம்ப் ரேக், ஸ்டாண்டுகள், கேபிள் பெட்டி, டிரம்ஸ் எல்லாம் சேர்ந்தால் அரை டன் சாதாரணமாக வந்துவிடும். குட்டி யானை என்று நாம் சொல்லும் பழைய டாடா ஏஸ் 750 கிலோ தாங்கும், அதனால் சமாளிக்கும். ஆனால் முதலில் வந்த ஏஸின் இரண்டு சிலிண்டர் எஞ்சின் 16 குதிரைத்திறன்தான். ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் நிகழ்ச்சி பிடிப்பவர்கள் அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ‘பெரிசா இருந்தா பின்னாடி உதவும்’ என்று பிக்கப் வாங்கி, அதில் 200 கிலோ மட்டும் ஏற்றுவது. டன் கணக்கில் தாங்குவதற்காகப் போட்ட பின்பட்டை (லீஃப் ஸ்பிரிங்), லோடு குறைந்தால் அமுங்காது. ஒவ்வொரு வேகத்தடையும் நேராக மிக்ஸருக்குள் போகும். உள்ளே ஈயப்பற்று (சால்டரிங்) விட்டுப்போய், மேடையில் ஒரு சானல் மட்டும் கரகரக்கும்போது யாரும் வண்டியைச் சந்தேகிப்பதில்லை. கீபோர்டு, பேட், தபலா மட்டும் வைத்து ஓடும் சின்னக் குழுவுக்கு ஓம்னியோ ஈக்கோவோ போதும். தளம் தாழ்வு, மேல்மூடி உண்டு, மழைக்குத் தார்ப்பாய் தேட வேண்டாம். ஓம்னி தயாரிப்பு 2019-இல் நின்றுவிட்டது. சந்தையில் இருப்பவற்றில் பல, 15 ஆண்டு ஆர்.சி. முடியும் தறுவாயில் இருக்கும். அதைப் புதுப்பிக்கும் செலவையும் விலையோடு சேர்த்தே பேசுங்கள்.

வண்டியின் முந்தைய பிழைப்பு என்ன என்று கேட்காமல் வாங்குவதுதான் என் கணக்கில் பெரிய தவறு. மீன் லோடு அடித்த ஏஸில் ஐஸ் தண்ணீரும் உப்பும் சொட்டிச் சொட்டி, அடியில் சேஸிஸ் துருவேறிப் பொரிந்திருக்கும். மேலே புதுப் பெயின்ட் பளபளக்கும். குனிந்து, டார்ச் அடித்து, பின்பட்டை மாட்டியிருக்கும் கொக்கிகளின் பக்கம் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அளவுக்கு மேல் லோடு ஏற்றிய வண்டி. தண்ணீர் கேன் போட்டது என்றால் வீட்டுக்கு வீடு நின்று நின்று கிளட்ச் தேய்ந்திருக்கும். அது பரவாயில்லை, மாற்றிவிடலாம். வெள்ளத்தில் மூழ்கியதுதான் ஆபத்து. 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. சென்னையிலும் அதே மாதம் வெள்ளம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு தெரியும். சீட் போல்ட்டில் துரு, ஹெட்லைட்டுக்குள் மங்கல் இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதைப் பகலில், காலி வண்டியில் செய்வார்கள். கச்சேரி வண்டி ஓடுவதோ ராத்திரி இரண்டு மணிக்கு, முழு லோடோடு. சாயங்காலம் இருட்டிய பிறகு போங்கள். முடிந்தால் உங்கள் பாக்ஸ் இரண்டை ஏற்றி ஓட்டுங்கள். ஹெட்லைட் எவ்வளவு தூரம் அடிக்கிறது, லோடோடு மேட்டில் நிறுத்தி எடுத்தால் கிளட்ச் வழுக்குகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். நீங்கள் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பதை மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சூடான எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்து புகை குபுகுபுவென்று வந்தால் விலை பேசவே வேண்டாம்.

அப்புறம் பேப்பர். சரக்கு வண்டி உங்கள் சொந்தச் சாமானை ஏற்றினாலும் மஞ்சள் போர்டுதான். எட்டு ஆண்டு தாண்டினால் வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும், வயது ஏற ஏறக் கட்டணமும் எகிறும். கார் லைசென்ஸ் போதாது என்று பயமுறுத்துபவர்களும் உண்டு. 7500 கிலோ வரையுள்ள வண்டிகளை அதே லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பாக்ஸ் மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதற்கு எந்த லைசென்ஸும் இடம் தராது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸும் கைவிரிக்கும்.

பைனான்ஸ் பாக்கி, அபராதச் சலான் இரண்டையும் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பாருங்கள். பாக்கி இருந்த வண்டி என்றால் கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35-ம் பைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு ஓட்டுகிறவர்கள் நிறைய. ஆர்.சி.யை உடனே மாற்றுங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். அந்த பாலிசி வண்டிக்கு மட்டும்தான். உள்ளே இருக்கும் மிக்ஸருக்கும் கீபோர்டுக்கும் தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும்.